சாவியம்மாவின் விரல்கள்

கார் சாவி திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தால் சாவியம்மாவுக்குப் போன் வரும். எடுப்பவர் கண்டக்டர், அதாவது அவளுடைய கணவர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலம் முடிந்து ஓய்வு பெற்ற பிறகு, மனைவியின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதுதான் அவர் உத்தியோகம். கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஸ்டியரிங் இறுகியிருக்கா? இப்படியும் அப்படியுமா லேசா ஆட்டிக்கிட்டே சாவியைத் திருப்புங்க. என்னது, சாவி வெளிய வரலையா? கியர் பார்க்ல இருக்கா பாருங்க. பேட்டரி படுத்துடுச்சா?"

பாதிப் பேருக்குக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும். மகிழ்ச்சியாக நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். கண்டக்டருக்கு வயிறு எரியும். "வைத்தியத்தை வாயாலயே சொல்லி அனுப்பிட்டா நாம எதைச் சாப்பிடறது?" என்பார். "அவங்களும் வேலைக்குப் போகணும்ல, விடுங்க" என்பாள் அவள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு திட்டு வாங்கித்தான். மார்க்கெட் மாடிப்படிக்குக் கீழே மாற்றுச் சாவி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒருவர் புதுச் சாவியை மேஜைமேல் விட்டெறிந்து, திரும்பவே இல்லை என்று கத்திவிட்டுப் போனார். பழைய சாவியை அச்சு அசலாக வெட்டியிருந்தாள். அப்புறம் என்ன குறை? இரவும் பகலும் அதே யோசனை. இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த கார்களின் பூட்டுகளை வாங்கிவந்து கட்டிலில் பிரித்துப் பரப்பினாள். உள்ளே வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றையும் தாங்க மயிரிழை போல ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும், பூட்டு சுழலும். ஒன்றே ஒன்று முரண்டு பிடித்தாலும் சுழலாது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்தல்லவா வெட்டுகிறோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. கண்டக்டருக்கு விளங்கியதெல்லாம், படுத்தால் முதுகில் தகடு குத்துகிறது என்பது மட்டும்தான்.

பைத்தியம் என்று அப்போது சொன்ன அதே மனிதர்தான், பிறகு அவள் வேலை செய்யும்போது டார்ச் பிடித்துக்கொண்டு அசந்துபோய் நிற்பார். வெளிச்சம் அவளுக்குத் தேவையே இல்லை. துவாரத்துக்குள் ஒரு கம்பியை நுழைத்ததும் கண்ணை மூடிவிடுவாள். பக்கத்து அறையில் யாரோ மெல்லப் பேசுவதை உற்றுக் கேட்பதுபோல் முகம் மாறும். எங்கேயோ போய்விட்டாள் என்று அவருக்குத் தோன்றும். சிறிது நேரத்தில் பூட்டு வழிக்கு வரும், அவளும் வந்துவிடுவாள். அவ்வளவு சின்னத் துவாரத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்டால் கௌரவம் என்னாவது? "சரி, கிளம்பலாமா?" என்று பையை மூடுவார்.

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள், உயிர் தப்பியது. உதிர்ந்த முடி திரும்ப வளர்ந்தது. சாப்பாடு பிடித்தது. ஒருநாள் சமையலறையில், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியில்லாமல் வெறும் கையால் பிடித்துக்கொண்டு அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டக்டர் பார்த்தார். விரல் சிவந்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவர் ஓடிப்போய்ப் பாத்திரத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தார். "அவ்வளவா சுடலை" என்று அவள் சொல்லிச் சமாளித்தாள். ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிறவர், இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மருந்தை நிறுத்திய பிறகு வந்த முதல் அழைப்பு ஒரு பேக்கரிக்காரரிடமிருந்து. டெலிவரி வேனில் சாவி மாட்டிக்கொண்டு வரவில்லை, குறடால் இழுத்தார், பாதி கையோடு வந்துவிட்டது. மீதி உள்ளே.

போகும் வழியில் சிக்னலில் நின்றபோது அவளே ஆரம்பித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"விரல்தானே? தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"சட்டைக்குப் பட்டன் போடறதுக்கு அரைமணி நேரம் ஆகுதே, எனக்குக் கண்ணு இல்லையா?"

"அந்த மருந்தால விரல்ல உணர்ச்சி போயிடுமாம். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராதுன்னாரு டாக்டர். இன்னைக்குப் பாத்துடறேங்க. முடியலைன்னா கடையை மூடிடலாம். சும்மா ஊரை ஏமாத்தக் கூடாது."

பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான். கண்டக்டர் வண்டியை எடுத்தார்.

பேக்கரியின் பின்முற்றத்தில் வேன் நின்றது. "தெரியாம இழுத்துட்டேன்க்கா" என்று பேக்கரிக்காரர் கையைப் பிசைந்தார். அவள் இருக்கையில் உட்கார்ந்து துவாரத்தை உற்றுப் பார்த்தாள். "இன்ஜினை அணைச்ச நிலையிலதான் பூட்டு நிக்குது. அப்படின்னா சாவி தானா வந்திருக்கணும். ஏதோ ஒரு தகடு சாவியோட பள்ளத்துல விழுந்து பிடிச்சுக்கிட்டிருக்கு. அதைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டா போதும்" என்றாள். தகடுகள் வழுக்கி நகர, பென்சில் கரித்தூளை உள்ளே ஊதினாள். கம்பியை எடுத்து நுழைத்தாள். கண்ணை மூடினாள்.

கண்டக்டர் பழைய பழக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தார். முகம் மாறும் என்று காத்திருந்தார். மாறவில்லை. பிறகு கையைப் பார்த்தார். கம்பி எப்போதோ நழுவிக் கால்மிதியில் கிடந்தது. அவள் கண் மூடியபடியே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத கம்பியைப் பிடித்துத் துழாவிக்கொண்டிருந்தாள்.

பேக்கரிக்காரர் பார்த்துவிடாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, "தம்பி, ரெண்டு டீ கிடைக்குமா?" என்று அவரை உள்ளே அனுப்பினார். கம்பியைக் குனிந்து எடுத்தார்.

"கீழ விழுந்துடுச்சு" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து தன் விரல்களைப் பார்த்தாள். "பையை மூடுங்க" என்றாள்.

"எந்திரி. நான் உக்கார்றேன். எங்க தொடணும்னு சொல்லு."

"நீங்களா? பூட்டுன்னா என்னன்னே தெரியாது உங்களுக்கு."

"தெரியாதுதான். அதான் நீ இருக்கியே."

இருக்கையில் அவர் உட்கார, திறந்த கதவுக்கு வெளியே அவள் குந்தினாள். பையிலிருந்து ஒரு சின்னக் கொக்கியை எடுத்துச் சாவித் துண்டின் விளிம்பில் மாட்டுவது கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை, அதை அவளே செய்தாள். கம்பியை அவர் நுழைத்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை. ஏதோ இடிக்குது."

"எப்படி இடிக்குது? கெட்டியாவா, துள்ளுதா, லொடலொடன்னு கிடக்குதா?"

வாழ்நாளெல்லாம் பேசியே பிழைத்த மனிதருக்கு வார்த்தை வரவில்லை. "இருக்கு... ஆனா... அட, எப்படிச் சொல்றது!" என்று தவித்தார். சட்டென்று இடது கையால் அவள் மணிக்கட்டுக்கு மேலே, முன்கையைப் பிடித்தார். அங்கே உணர்ச்சி இருந்தது. வலது கையில் கம்பி எப்படித் தெரிகிறதோ அதையே இடது கை விரலால் அவள் தோலில் அழுத்திக் காட்டினார். "இப்படி."

அவள் மூச்சை நிறுத்தினாள். "அது நல்ல தகடு. ஸ்பிரிங் உயிரோட இருக்கு. அடுத்தது?"

"இப்படி."

"அதுவும் நல்லதுதான். இன்னும் உள்ள போங்க. மெதுவா."

அவர் உள்ளே போனார். முதலில் வெறும் இரும்பாகத்தான் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியது. ஒன்று கூச்சத்தோடு நகர்ந்து வழிவிட்டது. ஒன்று முறைத்துக்கொண்டு திருப்பித் தள்ளியது. அரிசி அளவு இடத்தில் ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கண்டக்டர் வாயைப் பிளந்தார். தன்னை அறியாமல் கண்ணை மூடிவிட்டிருந்தார்.

அடுத்ததைத் தொட்டதும் அவர் விரல் அவள் கையில் தயங்கியது. அழுத்தியது, ஆனால் திரும்ப எழவில்லை.

"அதேதான்!" என்றாள். "ஸ்பிரிங் உடைஞ்சு செத்துப்போய்க் கிடக்கு. அதை மேல தூக்குங்க. தூக்கிட்டீங்களா? விட்டுடாதீங்க. மூச்சுகூட விடாதீங்க."

அவள் கொக்கியை இழுத்தாள். சாவித் துண்டு வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது.

டீயோடு வந்த பேக்கரிக்காரர் துள்ளாத குறைதான். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், சாவியையும் புதிதாக வெட்ட வேண்டும், நாளைக்கு வருகிறோம் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கண்டக்டர் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்தத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா நீ இதுக்குள்ளதான் இருந்தியா?" என்றார். "ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

அது உண்மைதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கருவிகளை ஒவ்வொன்றாக, விழுந்துவிடாதபடி கண்ணால் பார்த்துப் பார்த்துப் பையில் வைத்தாள். வைத்து முடித்தும் பையை மூடவில்லை. முன்கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"அந்த முதல் தகடு," என்றாள். "இன்னொரு தடவை காட்டுங்க."

கண்டக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். கண்ணை மூடி, நினைவுபடுத்திக்கொண்டு, மெல்ல அழுத்தினார்.