சொல், பொருள், வாக்கியம்

காட்டு இலாகாவில் நான் அப்போது கார்டு. காட்டில் மரம் வெட்டுகிறவனைத் துரத்திப் பிடிக்க இங்கிலீஷ் எதற்கு என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த படிக்கு ஏற வேண்டுமென்றால் சேலத்தில் ஒரு துரை முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் ஒரு சொல்லைச் சொல்வார். அதற்கு இங்கிலீஷிலேயே பொருள் சொல்லி, அதை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். நானாக அமைத்தால் தப்பும் தவறுமாக வரும். அதனால் சொற்புத்தகத்தில் அச்சாகியிருந்த வாக்கியங்களையே உருப்போட்டேன்.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் எங்கள் வீடு. மனைவி வாசலில் சாமை குத்துவாள், நான் எதிரே உட்கார்ந்து கத்துவேன். 'ஐலண்ட்' என்பேன். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் என்பதை இங்கிலீஷில் சொல்வேன். பிறகு வாக்கியம். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் காதில் விழுந்த எதுவும் அவளை விட்டுப் போகாது. நான் தடுமாறினால் உலக்கையை நிறுத்தாமலே மீதியைச் சொல்லிவிடுவாள்.

"ஏனுங்க, தொரை முன்னால நானே போயி நின்னுட்டு வாரேன். நீங்க இந்தச் சாமையக் குத்திப் போடுங்க" என்று சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

மழை விட்டதும் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. செம்மேட்டில் போய் மருந்து கேட்டால் கொய்னா மாத்திரை தீர்ந்துவிட்டது என்றார்கள். சில நாளில் நினைவு தப்பியது. வாசலூர்பட்டியிலிருந்து மாமியாரும் மச்சான்மாரும் வந்தார்கள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கி, அடிவாரத்தில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினேன். கட்டிலுக்குக் கயிறும் கட்டியாகிவிட்டது. அப்போதுதான் அவள் வாய் திறந்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள்.

"ஐயோ சாமி, எம் புள்ள வாயில வேற ஆரோ பேசறாங்க" என்று மாமியார் அலறினார். மச்சான்மார் கயிற்றை விட்டுவிட்டார்கள். பேய் பிடித்தவளை ஊர் எல்லை தாண்டித் தூக்கினால், தூக்கினவன் வீட்டுக்கு அது வந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். ஒருவன் பூசாரியைக் கூட்டிவர ஓடினான்.

அது பேயல்ல, என் பாடம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பூசாரி வந்ததும் புத்தகத்தை விரித்து, அவள் சொன்ன வாக்கியத்தையே உரக்கப் படித்துக் காட்டினேன். அதுவே வினையாகிவிட்டது. இந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் அது வீட்டுக்குள் வந்திருக்கிறது, எரித்தால் இறங்கும் என்றார் அவர். உடனே அடுப்பில் போட்டேன். கட்டிலைத் தூக்கினால் போதும் எனக்கு. புத்தகம் சாம்பலான பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எறங்கலீங்க" என்று பூசாரி உடுக்கையை எடுத்தார். பாழாய்ப்போன அந்த உடுக்கையைப் பிடுங்கி உடைத்துவிடலாம் போலிருந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். மச்சான்மார் பிடித்து நிறுத்தித் திரும்பப் படுக்க வைத்தார்கள். அந்தப் பகல் முழுவதும் வேப்பிலையிலும் உடுக்கையிலும் போயிற்று.

மறுநாள் காலையில் பேச்சு நின்றது. பேய் இறங்கிவிட்டதென்று கட்டிலைத் தூக்கினார்கள். பாதி இறக்கத்தில் உயிர் போய்விட்டது.

சேலத்துக்கு நான் போகவில்லை. காரியம் முடிந்த அன்று மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேயில்லீன்னு நீங்க சொன்னீங்களே மாப்ளே. இப்ப நம்பறனுங்க. பேச்சு நிக்கறதுக்கு முன்னால எம் புள்ள ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லுச்சே, அது என்னங்க?"

உங்களைத்தான் கூப்பிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குப் பொய்யும் வரவில்லை.

"'அந்த யாவாரி நாணயமானவரு'ன்னு சொன்னாளுங்க அத்தை."

அவர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஆருங்க அந்த யாவாரி? ஆளக் காட்டுங்க மாப்ளே. அவருகிட்ட, எம் புள்ள கடைசியா உங்களத்தான் நெனச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்."

நான் எரித்த புத்தகத்தைத் தவிர அப்படி ஒருவர் எங்கும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.