டெல்லியிலிருந்து திருச்சிக்கு, மன்னார் வழியாக

இதைத் தட்டச்சு செய்யும்போதும் இடுப்பு வலிக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பு வழியாகப் போனால் மலிவு என்று யாரோ போட்ட பதிவைப் படித்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். அந்தப் பதிவில் இடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தீபாவளி முடிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். குழந்தையை என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், ஆகவே டெல்லியில் ஆபீஸ் வேலை என்று தப்பிக்க வழியில்லை. டெல்லியிலிருந்து திருச்சிக்கு அந்த வாரம் 24,300 ரூபாய் கேட்டார்கள். அதுவும் வழியில் ஓர் ஊரில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டும். டெல்லி – கொழும்பு 9,900, கொழும்பு – திருச்சி 6,200. தனித்தனியாக இரண்டு டிக்கெட், மொத்தம் 16,100. உள்ளூருக்குப் போக வெளிநாடு போய்த் திரும்புவது மலிவு என்றால் யாரை நொந்துகொள்வது?

அம்மாவிடம் இதைச் சொன்னதுதான் தாமதம். “கொழும்பா போற? அப்ப வர்றப்ப அண்ணனையும் கூட்டிட்டு வந்துடு” என்றாள். ஏதோ அவர் விமான நிலைய வாசலில் பையோடு நிற்பது மாதிரி.

அம்மா பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எட்டு வயதில், இரு நாட்டு ஒப்பந்தப்படி, தன் அப்பா அம்மாவோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, அப்போதே கல்யாணம் ஆனவர். மனைவி வீட்டாரோடு அங்கேயே தங்கிவிட்டார். பிறகு மலையில் கலவரம் வந்து, அடித்துப் பிடித்து வடக்கே ஓடி, மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே குடியேறினார். நெல் வயலில் கூலி வேலை. தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேற்றிவிட்ட நாளோடு சரி, அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு நேரில் பார்த்ததே இல்லை. முதலில் காசில்லை, பிறகு போர், அதற்கும் பிறகு மறுபடி காசில்லை. இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மாமா மகள் சாந்தி பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள், ஆனால் மனிதர் தனியாக விமானம் ஏற மாட்டேன் என்கிறார். ஆகவே கூட்டி வருவது என் வேலை ஆயிற்று. எனக்கு மிச்சமான பணத்தில் அவருக்கும் ஒரு டிக்கெட் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கினேன். கொழும்பு ஊருக்குள் போகத் தேவையில்லை. நீர்கொழும்பு பஸ் நிலையத்துக்கு ஓட்டோ பிடித்து, அங்கே மன்னார் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், 1,350 இலங்கை ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஆனால் முன்னிருக்கைக்கும் என் முட்டிக்கும் ஆகவில்லை. டிரைவர் தலைக்கு மேலிருந்த டிவியில் பாட்டு அலறியது, வெளியே மழை. நான் முருங்கனில் இறங்க வேண்டும் என்று நடத்துனரிடம் சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணை ஒரு நிமிடம் மூடினேன்.

கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர்.

“முருங்கனோ? அது எப்பவோ போயிட்டுதே! கூப்பிட்டனான், நீங்கள் எழும்பேல்ல” என்றார் நடத்துனர். மன்னார்த் தீவுக்குள் போகும் நீண்ட தாம்போதியில், அதாவது கடல் நடுவே போட்ட சாலையில், பஸ் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கினால் நடுக்கடல், ஆகவே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்றே முக்கால். நாலைந்து கழுதைகள் மழையில் நனைந்தபடி ரோட்டை மறித்து நின்றன. அவற்றைப் போலத்தான் நானும் நின்றேன்.

கண்ணாடியில் ஜெபமாலை தொங்கிய ஓர் ஓட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கட்டுக்கரைக்கு 3,500 சொன்னார், பேரம் பேசத் தெம்பில்லை. வந்த வழியே முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும்.

“இந்தியாவோ? கதையிலயே தெரியுது” என்றார் ஓட்டோக்காரர், என் பேச்சைக் கேட்டு. நான் போகும் வழியைச் சொன்னேன். வண்டியை மெதுவாக்கித் திரும்பியே பார்த்தார். “டெல்லியில இருந்து திருச்சிக்கு மன்னாராலயோ போறியள்? அண்ணன், உங்களுக்கு ஆரோ பேய்க்காட்டி ஏமாத்திப் போட்டாங்கள். இந்தா, தலைமன்னாருக்கு அங்கால ராமேஸ்வரம். கப்பல் ஓடேக்க என்ர அப்பா படம் பாக்க எண்டே அங்க போய் வந்தவர்.”

அவர் சொன்னது சரிதான். அந்த இடத்திலிருந்து சொந்த ஊர் அவ்வளவு பக்கம். ஆனால் அங்கே போக மறுபடி முந்நூறு கிலோமீட்டர் தெற்கே போய், விமானம் ஏறி, வடக்கே பறந்து வர வேண்டும். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

மாமா வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும் ஓட்டோக்காரரின் பேச்சு நின்றது. இரண்டு பக்கமும் சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. “ஆரோ மோசம் போயிட்டினம் போல” என்று மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

வேலியோரம் ஒல்லியாக ஒருவர் குடையோடு நின்றார். அம்மாவின் அதே மூக்கு. நான் இறங்கி ஓடினேன். “வா மருமகனே, வா. கிட்ட வராத, அங்கேயே நில்லு” என்று குடையை நீட்டித் தடுத்தார்.

இறந்தது மாமாவின் சித்தப்பா மகன். நான் விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் மூச்சு நின்றிருக்கிறது, அன்று காலையில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். பங்காளி சாவு. நம் பக்கம் தீட்டு என்போமே, அங்கே அது துடக்கு. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மாமா ஒரு நல்ல காரியத்திலும் கால் வைக்கக்கூடாது. என் அம்மா வேறு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், அதனால் அவளுக்கு இது ஒட்டாது. எனக்கும் ஒட்டாது. மாமாவுக்கு மட்டும்தான்.

“நான் வரல. நல்ல காரியத்துக்குத் துடக்கோட வந்து நிக்கிறதா? பச்சப்புள்ளைக்கு ஆகாது” என்றார்.

உள்ளே நாற்காலியில் அவருடைய பை தயாராக இருந்தது, மேலே தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. சாந்தி அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். “வாங்கோ மச்சான், உள்ளுக்க வாங்கோ எண்டு சொல்லவும் ஏலாமக் கிடக்கு. நீங்கள் பிள்ளையை மடியில வச்சிருக்கப் போற ஆள், எங்கட வீட்டுத் தேத்தண்ணியும் குடிக்கக்கூடாது எண்டு அப்பா சொல்லுறார்.” பதினாறு மணி நேரப் பயணம் செய்து வந்தவனுக்கு ஒரு டீ கிடையாது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்து வீட்டில் சோறும் பாயும் ஏற்பாடு செய்திருந்தார்கள், அந்த வீட்டு மகராசி நன்றாக இருக்கட்டும்.

சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். சாந்தி போனைப் பிடித்துக்கொண்டாள். மாமா நாலடி தள்ளி நின்றே பேசினார், போனுக்கும் துடக்கு ஒட்டும் என்பது போல. முழுக் கதையையும் அம்மா கேட்டுக்கொண்டாள்.

“அண்ணே, மண்டபத்துக்குள்ள வராட்டிப் போ. வாசலோட நில்லு. யாரு உன்னய உள்ள கூப்பிட்டா? நீ திருச்சிக்கு வா.”

“ஊரு என்ன சொல்லும் புள்ள?”

“ஊரு என்னத்தயும் சொல்லட்டும். பதினாறு கழிச்சு வரேன்னு சொல்லாத. அதுக்குள்ள உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தார். வரமாட்டார் என்றே நினைத்தேன். அம்மாவின் முகம் திரையில் அப்படியே இருந்தது. அழைப்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை விடிகாலை முருங்கன் பஸ் நிறுத்தத்துக்கு நான் தனியாகத்தான் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் மாமா எனக்கு முன்பே அங்கே நிற்கிறார், வெள்ளைச் சட்டையும் பையுமாக. பக்கத்தில் சாந்தி. “அப்பா இரவு முழுக்கப் படுக்கேல்ல. நாலு மணிக்கே வெளிக்கிட்டிட்டார்” என்றாள். மாமா என்னைப் பார்க்காமல், “வாசல்லதான் நிப்பேன். உள்ள கூப்பிடக்கூடாது. என்னயத் தொட்டுட்டா தலையோட குளிச்சிட்டுத்தான் புள்ளகிட்ட போகணும், சொல்லிட்டேன்” என்றார். சரி மாமா, சரி என்றேன்.

ஏழரை மணி நேர பஸ்ஸில் எனக்கு ஓர் இருக்கை, எனக்குப் பின்னால் அவருக்குத் தனியாக ஓர் இருக்கை. விமானத்தில் அது நடக்குமா? பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். மாமா ஜன்னலோரம் சுருண்டு உட்கார்ந்து, பெல்ட்டை நான் மாட்டிவிடக் கை நீட்டினால் பையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். பணிப்பெண் மாட்டிவிட்டாள். அவளிடம், “நீயும் வூட்டுக்குப் போயிக் குளிச்சிரும்மா” என்றார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். கீழே கடலைப் பார்த்ததும், “இவ்வளவுதானா?” என்று ஒருமுறை கேட்டார்.

திருச்சியில்தான் எனக்கு உண்மையான சோதனை. எழுபது வயதைத் தாண்டிய, முதன்முதலாக விமானம் ஏறிய மாமாவைச் சுங்கத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை நிறுத்திவிட்டார்கள்.

“டெல்லியிலேர்ந்து திருச்சிக்கு வர எதுக்கு சார் கொழும்பு?”

“டிக்கெட் மலிவு சார்.”

“கொழும்புல ஒரே ஒரு நாள். கையில சின்னப் பை. நாங்க நம்பணும்?”

தங்கம் கடத்தும் குருவிகள் இப்படித்தான் வருவார்களாம். அவர் நிலையில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பையைக் கொட்டினார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், பஸ் டிக்கெட்டைக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனாலும் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. மாமா தனியாக வெளியே போய்விட்டார். எந்தச் சந்திப்புக்காக இரண்டு நாள் முதுகை ஒடித்துக்கொண்டேனோ அதை நான் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நான் வெளியே வந்தபோது இரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்தின் ஓரத் திண்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் கை அம்மாவின் மடியில் இருந்தது. காரோடு வந்திருந்த தங்கை புருஷன், “தொடாத தொடாதன்னு கத்திக்கிட்டே பின்னால போனாரு மச்சான். உங்கம்மா விட்டாத்தானே” என்றார்.

இனி இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதை மறக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை, இடையில் நல்ல இடைவெளி விடுங்கள். பாஸ்போர்ட் வேண்டும். இலங்கையின் நுழைவு அனுமதி விதி அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கட்டுநாயக்காவில் நீங்களே எடுத்து, மறுபடி நீங்களே போட வேண்டும். உள்நாட்டுப் பயணி மாதிரி வீட்டுக்குப் போய்விடலாம் என்று கனவு காணாதீர்கள், குடிவரவு, சுங்கம் எல்லாம் உண்டு. பஸ் டிக்கெட், ஓட்டோ ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். தூங்குவதானால் பக்கத்து இருக்கைக்காரரிடம் இறங்கும் ஊரைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். எனக்கு மறுபடி இப்படி வரத் தெம்பில்லை. தனியாகப் போகிறவர், இள வயது, முதுகு நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம்.

காதுகுத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நன்றாக நடந்தது. நான் தலையோடு குளித்துவிட்டு மணையில் உட்கார்ந்தேன். குழந்தை என் மடியில் வீறிட்டு அழுது, என் புதுச் சட்டையை நனைத்து, முட்டாய் வாங்கிக்கொண்டு அடங்கியது. சொன்னபடி மாமா மண்டப வாசலைத் தாண்டவில்லை. வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவரோடு வெளியிலேயே நின்ற அம்மாவைத் தேடி ஆள்மேல் ஆள் போனார்கள். பேத்தி காதுகுத்து, நீ இல்லாமல் எப்படி, ஓடிப்போய்த் தலைக்கு இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு உள்ளே வா என்றார்கள். தங்கை அழுதுகொண்டே போய்க் கூப்பிட்டாள். மாமாவும், “போ புள்ள, குளிச்சிட்டுப் போ” என்று கெஞ்சினார்.

அம்மா அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசிவரை குளிக்கவில்லை.