பட்டினி கிடந்த கேஸ் தொட்டி

சைனம்புவின் வாய்க்குப் பயந்துதான் தெருக் கேஸ் தொட்டியை அவள் பொறுப்பில் விட்டோம். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பேகம்பூரில் எங்கள் தெருக்கோடியில் மாநகராட்சி இடம் கொடுத்தது, ஒரு கம்பெனி தொட்டியை வைத்தது. வீட்டுக் கழிவைப் போட்டால் உள்ளே மக்கி, வாயுவாகி, குழாய் வழியாக எங்கள் அடுப்புக்கே வந்துவிடும். எதைப் போடலாம், எவ்வளவு போடலாம் என்று பார்ப்பது சைனம்பு வேலை. பிளாஸ்டிக் பையோடு போய் நின்றால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

புருசன் போன பிறகு இடியாப்பம் அவித்து விற்றுத்தான் மகளைக் கல்லூரியில் படிக்கவைக்கிறாள். சிலிண்டர் வாங்கிய காலத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது. தொட்டி வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

அப்படிப்பட்டவளே ஒருநாள் தப்புப் பண்ணினாள். பிரியாணிக் கடை பீர் முகமது, கெட்டுப்போன பிரியாணியை பிரியாணி ஆக்குகிற தேக்சா அண்டா நிறையத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இம்புட்டுச் சோத்தையும் சாக்கடையில கொட்டச் சொல்றியாக்கா? பரக்கத்து போயிரும், வீட்டுல ஒண்ணும் தங்காது.”

கீழே சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிற ஆட்கள் நாங்கள். சைனம்புவுக்கு மனசு இளகிவிட்டது. கொஞ்சம்தான் போடலாம் என்று தெரிந்தும் அவ்வளவையும் கொட்டினாள்.

இரண்டே நாளில் அடுப்பு கப்சிப். தெருவே மூக்கைப் பொத்தியது. கம்பெனி ஆள் முகேஷ்குமார் வந்து பார்த்தான்.

“உள்ள புளிச்சுப் போச்சும்மா. கொஞ்ச நாளைக்குப் பட்டினி போடுங்க, சாணிக் கரைசல் மட்டும் ஊத்துங்க. அடுத்த மாசம் வாரேன். அன்னைக்கும் எரியலன்னா தொட்டிய வேற தெருவுக்கு மாத்தக் கம்பெனில சொல்லிட்டாங்க.”

“தப்பு எம்மேலதாம்ப்பா. வேணும்னா என்னைய மாத்து, தொட்டிய விட்டுரு,” என்றாள் சைனம்பு. அவன் நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டு கிளம்பினான். பாவம், அவன் என்ன செய்வான்!

அந்த மாதம் முழுக்கச் சிலிண்டரோடு மல்லுக்கட்டினாள். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டாள். மாட்டுக்காரர் வீட்டில் சாணி வாங்கிக் கரைத்து ஊற்றினாள். நாங்கள் கழிவு வாளியோடு போனால், “அது நோன்பு இருக்கு, போங்கடி!” என்று விரட்டினாள்.

முகேஷ்குமார் வருவதற்கு முதல் நாள் காலையில் பீர் முகமது மறுபடியும் தேக்சாவோடு வந்து நின்றான்.

“இந்த ஒருதடவக்கா. சோத்தக் கொட்டுனா பாவம்.”

இவள் இளகிவிட்டால் எல்லாம் போச்சே!

“ஏலே, நேத்துக் கடைய அடைக்கையில இது நல்ல சோறுதான? பெரியாஸ்பத்திரி வாசல்ல எம்புட்டுப் பேரு பசியோட உக்காந்திருக்காக! அப்பக் குடுக்க மனசு வரல. நாறுனதுக்கப்புறம் தொட்டிக்குத் தர்மம் பண்ண வாரியாக்கும்?” என்று பாய்ந்தாள் சைனம்பு.

பீர் முகமது முகம் சிவந்து, தேக்சாவைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

மறுநாள் முகேஷ்குமார் அவள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தான். செத்த நேரம் படபடத்துவிட்டு நீலமாக நின்று எரிந்தது. “தொட்டி இங்கயே இருக்கட்டும்மா,” என்றான். தெருவே கூச்சல் போட்டது. சைனம்பு மட்டும் கூட்டத்தில் நின்ற பீர் முகமதுவையே பார்த்தாள்.

“நேத்து மிஞ்சுனது எங்கடா?”

“ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டேன்க்கா.”

“தின்னவுக என்ன சொன்னாக?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “இன்னும் இருக்கான்னு கேட்டாகக்கா.”