எழுவாய்

அன்று திடலில் மூன்றே பேர் இருந்தோம்: தமிழ் டீச்சர், ஒன்பதாவது படித்த என் மகள், நான்.

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகி, கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். முந்தானையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். பகலில் இலக்கணம் நடத்துவார், மாலையில் திருவொற்றியூர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து. ஆட்டத்தில் யார் விழுந்தாலும் தூக்கிவிட மாட்டார். "எழுவாய்!" என்று கத்துவார். விழுந்தவள் "பயனிலை!" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டு எழுந்து ஓடுவாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு, அது இலக்கணப் பாடம் என்று மகள்தான் சொன்னாள்.

மாவட்ட அணியில் அவள் பெயர் வந்திருந்தது. படிவத்தில் நான் கையெழுத்துப் போட அன்றுதான் கடைசி நாள்.

"கால் ஒடைஞ்சா இவள யாரு டீச்சர் கட்டிப்பான்?" என்றேன்.

"இன்னாக்கா நீ! ஒடையாத காலோட நான் கீறேன், என்னையே எவன் கட்டிகினான்? போடுக்கா."

அவர் சிரித்தார். எனக்கோ பயம் இரண்டு பங்கானது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மகள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எழுவாய்," என்றார் டீச்சர், மெதுவாக. அவள் எழவில்லை.

பத்தாவதோடு நின்று அவள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் துணி தைக்கப் போனாள். டீச்சர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். எந்தப் பள்ளி என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அவர் தன் காசில் வாங்கித் தந்த பூட்ஸ் பரணில் கிடக்கிறது. சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றிருந்தேன். முந்நூற்றைம்பது ரூபாய்.