எதிர் மேட்டுக்கு எவ்வளவு தூரம்

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். முதல் பாடமே அளவீடுதான். அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று பிள்ளைகளிடம் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போகும். ஆனால் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊரில் தூரத்துக்கு இருக்கும் அலகு மனிதக் குரல் ஒன்றுதான். இந்த மேட்டில் நின்று கூப்பிட்டால் அந்த மேட்டில் கேட்கிறதா, அப்படியானால் பக்கம். கேட்கவில்லையா, தூரம். நடுவில் கிடக்கும் பள்ளத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குரலுக்குப் பள்ளம் ஏது?

போன வருஷம் சாமை அறுப்பின்போது ஒரு காலை, என் வீட்டுக்காரர் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு என் கொழுந்தனார் ஓடினார்.

வண்டி எங்கள் களம்வரை வர வேண்டுமென்றால், தார் ரோட்டிலிருந்து கீழேயே பிரிந்து மலையைச் சுற்றும் ஜீப் தடத்தில் வர வேண்டும். தார் ரோடு எதிர் மேட்டோடு முடிந்துவிடும். டிரைவர் வழி கேட்டிருக்கிறார். கொழுந்தனார் ஊர் அளவைச் சொல்லியிருக்கிறார்.

"ரோடு முடியற எடத்துல நில்லுங்க. கூப்பிடு தூரந்தாங்க, தூக்கினு வந்துர்றோம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லை.

வெள்ளை வண்டி எதிர் மேட்டில் வந்து நின்றது. அதன் கதவைத் திறப்பதுகூடத் தெரிந்தது. புறப்பட்ட புள்ளியிலிருந்து சேரும் புள்ளிக்கு நேர்கோடு போட்டு அம்புக்குறி வைத்தால் இடப்பெயர்ச்சி. கால் நடந்து தீர்ப்பது தொலைவு. எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் வரைகிறேன்! வரைந்து என்ன பிரயோஜனம்?

"வண்டிய சுத்தி வரச் சொல்லுங்க!" என்று அலறினேன்.

"அது சுத்தி வர்றதுக்குள்ள நாம எறங்கி ஏறிடலாம் அண்ணி."

கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தி நான்கு பேர் பள்ளத்தில் இறங்கினார்கள். சரளையில் கால் சறுக்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் முகம் கோணியது. என் கையை விடவேயில்லை.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்றார்.

"வந்துட்டோங்க" என்றேன். அப்போது பாதிப் பள்ளம்கூட இறங்கியிருக்கவில்லை.

ஓடையைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவர் பிடி தளர்ந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். கட்டிலை இறக்கச் சொன்னேன். கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். அவரைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

மேலேயிருந்து டிரைவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "அம்மா, வந்துட்டீங்களா? எங்கங்க இருக்கீங்க?" ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.