கதவோரக் காற்று

பெரிய வியாழனுக்கு மூன்று நாள் முன்பிருந்தே அம்மா அப்பாவின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். ஈஜோக் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் மாதா கோயிலில் அன்றைய மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அந்த வருஷம்தான் முதன்முறையாக அப்பாவுக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற கால், வெடிப்புக்குப் பஞ்சமில்லை. அம்மா கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவி, கல்யாணப் பெண்ணைப் போல அதைத் தயார் செய்தாள். கழுவப்போகிற காலை எதற்கு இப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டு நான் ஒரு கொட்டு வாங்கினேன்.

கோயிலில் இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் சீனர்கள். நாற்காலியும் பக்கத்துக்கு ஆறு. யார் வைத்த சட்டமோ தெரியாது, ஏழும் ஐந்துமாகிவிட்டால் கோயில் இரண்டுபட்டுப் போகும். இந்தோனேசியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மட்டும் வாசலிலேயே நிற்பார்கள். பெஞ்சில் இடமிருக்கிறதே என்றால், அவர்களுக்குக் கதவோரக் காற்றுதான் பிடிக்கும் என்பாள் அம்மா. நானும் நம்பினேன்.

அன்று சீனர்களில் ஆறாவது ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. அவர் இடத்தில் உட்காரச் சொன்னால் மற்ற சீனர்கள் காலைத் தேய்த்துக் கழுவாமல் வந்துவிட்டோமே என்று கூசினார்கள். எங்கள் சித்தப்பா மெல்ல எழுந்தார். வலப்பக்கம் முணுமுணுத்தது, உட்கார்ந்துவிட்டார். ஃபாதர் துண்டோடு காத்து நின்றார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாரும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தார்கள்; இன்றும் அந்த மாலை எனக்கு அப்படியேதான் நினைவில் வருகிறது. பன்னிரண்டு பேர் சேராவிட்டால் மூன்று நாள் தேய்த்த அப்பாவின் கால் வீணாகிவிடுமே என்று எனக்கு அழுகை முட்டியது.

வாசலுக்கு ஓடினேன். ஒருமுறை எனக்கு ரம்புத்தான் பழம் கொடுத்த இந்தோனேசிய அண்ணன் அங்கே நின்றார். நாற்காலி காலியாக இருக்கிறது, வாருங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் பூட்ஸைக் கழற்றினார். வேலையிலிருந்து நேரே வந்த கால், விரலிடுக்கெல்லாம் சேறு. தாம்பாளத் தண்ணீர் பழுப்பானது, வெள்ளைத் துண்டும்தான். அடுத்த நாற்காலி அப்பாவுடையது. அதே துண்டால் ஃபாதர் அப்பாவின் பாதங்களைத் துடைத்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து அப்பா எங்கள் பெஞ்சுக்கு வந்தார். நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டி அந்த அண்ணனைக் கூப்பிட்டார். அவர் பெஞ்சை ஒருமுறை பார்த்தார். சித்தப்பா அசையவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மொதல்ல போயி காலக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

"கழுவியாச்சு" என்றார் அப்பா.

எனக்கு அதெல்லாம் கவலையில்லை. முன்னால் உட்கார இடம் கிடைத்தும் அந்த அண்ணன் திரும்பிப் போனதுதான் மனதில் நின்றது. அத்தனை ஆசையா அந்தக் காற்றின்மேல்? படுக்கும் முன் கை கூப்பி, வாசலில் நிற்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் காற்று கொடு மாதாவே என்று வேண்டிக்கொண்டேன்.