சாலையின் நடுவில் நின்ற வேடியப்பன்

புதுச்சாலை போடுவதற்கு முன்னால் அந்த வழியெல்லாம் நடந்து, மண்ணில் பழசு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பாக இருந்தது. நாள் முழுக்கத் தலையைக் குனிந்தே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் கழுத்துவலி புரியும்.

மூன்று பாஷை விசாரணை

மாநில எல்லையோரம், சானமாவுக் காடு தாண்டி ஒரு தக்காளித் தோட்டம். நானும் டிரைவர் மஞ்சுநாத்தும் டேப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும், தோட்டத்துக்கார முனியம்மா தெலுங்கில் கேட்டார், பிறகு கன்னடத்தில். மதுரைக்காரனான நான் முழித்ததைப் பார்த்துக் கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"ரோடு போடறவங்களா, கம்பெனிக்கு எடம் பாக்கறவங்களா? யாரா இருந்தாலும் செடிய மிதிக்காம வாங்க."

சாமிக்குக் குளியல்

தோட்டத்து மூலையில் இடுப்புயரக் கல் ஒன்று, வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பில் ஊதிப்போய் நின்றது. முனியம்மா வீட்டுச் சாமி, வேடியப்பன். யானை உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது அவர்தானாம். சாலையின் நடுக்கோடோ சரியாக அவர் மேலேயே போனது. சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல் என்று எனக்குச் சந்தேகம். எழுத்து இருந்தால் மியூசியத்துக்குப் போகும். இல்லாவிட்டால் ஜேசிபி அள்ளிவிடும். இதை முனியம்மாவிடம் சொல்லிவிட்டு, சுண்ணாம்பைச் சுரண்ட பிரஷ்ஷை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டார்.

"எங்க சாமிய எங்க வூட்டு ஆளுங்கதான் குளிப்பாட்டணும். அமாவாச வரைக்கும் பொறுங்க."

காட்டோரம்

காத்திருந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. மஞ்சுநாத் வீட்டிலிருந்து ராகிக்களி கொண்டுவருவார். முனியம்மா தக்காளி பறித்துக் கொடுப்பார், உப்பு தொட்டுத் தின்போம். ஒரு நாள் காலை பானை ஓடு ஒன்றைப் பார்த்துக் குனிந்திருக்கிறேன், காட்டோரத்தில் யானைகள். எனக்கானால் அதை விட்டுவர மனசில்லை. மஞ்சுநாத் காலரைப் பிடித்து இழுத்தார்.

"அத்தன காலமா அங்கயே கெடக்கற சட்டி சார், நாளைக்கும் கெடக்கும். நீங்க கெடக்க மாட்டீங்க."

நாலு வரி

அமாவாசையன்று முனியம்மா வீட்டார் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். வில் பிடித்த வீரன் வெளியே வந்தான், தலைக்கு மேல் நாலு வரி எழுத்தோடு. நான் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. முனியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து இருந்தா நல்லதா சார், கெட்டதா?"

மியூசியத்தில்

ஜேசிபியிடமிருந்து சாமி தப்பினார், ஆனால் தோட்டத்தை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அடுத்த அமாவாசைக்கு முனியம்மா மியூசியத்துக்கே வந்துவிட்டார், பையில் தேங்காயும் கற்பூரமுமாக. உள்ளே கற்பூரம் கூடாது, வேண்டுமானால் வாசலில் வைத்துத் தேங்காய் உடைக்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். சுவரோரமாக வரிசையாக வீரர்கள், எல்லாருமே ஏதோ ஒரு நிலத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டவர்கள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். தேங்காயைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. வாசலில் உடைக்கலாமே என்று பையைக் காட்டினேன்.

"இவருக்கு மட்டும் ஒடச்சா மத்தவங்க என்னா நெனப்பாங்க சார்? அவங்க வூட்டு ஆளுங்க யாரும் வரலியே."

இத்தனை வருஷத்தில் 'கண்டுபிடித்தோம்' என்று நாங்கள் எழுதிய எதுவும் அதற்கு முன் தொலைந்து கிடக்கவில்லை என்பதுதான் நான் கண்டுபிடித்தது.